இடித்துத் தள்ளியவளை யார் மன்னிப்பது? போருக்குப் பிந்தைய ஹூட் ரிவரும் சிறுமிகளின் சாஃப்ட்பாலும்

கேள்வி இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாலைந்து வருடம் ஆகிறது. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் சிறுமிகளின் சாஃப்ட்பால் ஆட்டம். ஹவாயின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியதில் அப்பாவைப் பறிகொடுத்த ஒருத்தி, எதிரணியில் ஆடும் ஜப்பானிய வம்சாவளிச் சிறுமியை வேண்டுமென்றே இடித்துத் தள்ளுகிறாள். அடிபட்டவள் மருத்துவமனைக்குப் போகிறாள். இப்படி நடந்திருக்குமா? அப்போது இவர்களெல்லாம் சேர்ந்து விளையாடினார்களா? அடிபட்டவள் மன்னித்துவிட வேண்டுமா? விளையாட்டு அந்தப் பகையைத் தீர்த்து வைத்ததா?

நடந்திருக்கக்கூடியதுதான். பொதுவாகப் பேசினால் இதில் ஒன்றும் பிடிபடாது என்பதால், ஒரிகன் மாநிலத்தின் ஹூட் ரிவர் பள்ளத்தாக்கை வைத்துப் பதில் சொல்கிறேன். கொலம்பியா ஆற்றங்கரையில், ஹூட் மலைக்கு வடக்கே இருக்கும் ஊர். ஆப்பிளும் பேரிக்காயும் விளையும் பூமி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர்கள் அங்கே கூலிகளாக வந்தார்கள். ரயில் பாதை போட்டார்கள், மரம் வெட்டினார்கள், அடிமரங்களைத் தோண்டி எடுத்துக் காட்டைத் தோட்டமாக்கினார்கள். சிலர் அந்த வேலைக்குக் கூலியாகவே கொஞ்சம் நிலம் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த முதல் தலைமுறைக்கு, அதாவது இஸ்ஸெய்களுக்கு, அமெரிக்கக் குடியுரிமை வாங்க 1952 வரை சட்டத்தில் இடமே இல்லை. குடியுரிமை பெற முடியாதவர்கள் நிலம் வாங்கக் கூடாது என்று 1923இல் ஒரிகனும் ஒரு சட்டம் போட்டது. அதனால் பல குடும்பங்கள் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெயரில் நிலத்தைப் பதிவு செய்தன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, காகிதத்தில் பழத்தோட்டத்துக்குச் சொந்தக்காரி. அந்தச் சட்டத்தை ஒரிகன் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 1949இல்தான்.

இப்போது வயதுக் கணக்கைப் பார்ப்போம். என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

1949இல் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட 1941 டிசம்பர் 7 அன்று அவளுக்கு நாலு வயது. அந்த ஒரு நாளில் அமெரிக்கர்கள் 2,403 பேர் இறந்தார்கள். அரிசோனா என்ற ஒரே போர்க்கப்பலில் மட்டும் 1,177 பேர். அப்பா அவர்களில் ஒருவர் என்றால், அவளுக்கு அவரைப் பற்றிய நினைவுகூட அனேகமாக மற்றவர்கள் சொல்லித்தான் இருக்கும். சொன்னவர்கள் யார் கொன்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள். அவள் எழுதப் படிக்கக் கற்ற வருடங்கள் முழுக்கப் போர். பள்ளியிலேயே பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் என்று போர்ச் சேமிப்பு முத்திரை வாங்கி ஒட்டுவார்கள். பழைய இரும்பு சேகரிப்பார்கள். சுவரொட்டியிலும் சித்திரக் கதையிலும் ஜப்பானியர் என்றால் பல்லை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மிருகம். ‘பேர்ல் ஹார்பரை மறவாதே’ என்பது பாட்டாகவும் முழக்கமாகவும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நாலு வருடம் இப்படிப் பழக்கிவிட்டு, 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது என்றார்கள். வெறுப்பை நிறுத்தச் சொல்லித் தனியாக ஒரு பாடம் யாரும் நடத்தவில்லை.

அதே வயதுள்ள இன்னொருத்தியின் கணக்கு வேறு. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். ஹூட் ரிவர்க்காரர்களை 1942 மே மாதம் ரயிலில் ஏற்றினார்கள். முதலில் கலிஃபோர்னியாவின் பைன்டேல், அப்புறம் டூலி லேக் தடுப்பு முகாம். கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டு போகலாம். இந்தச் சிறுமிக்கு அப்போது ஐந்து வயது. அவளுடைய முதல் வகுப்பு முள்வேலிக்கும் காவல் கோபுரத்துக்கும் உள்ளே.

குழந்தைகள் இதில் எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டார்கள் என்பதற்கு ஹூட் ரிவரிலேயே ஓர் உதாரணம் உண்டு. மசுவோ யாசுயி அங்கே கடையும் தோட்டங்களும் வைத்திருந்த பெரிய மனிதர். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த சில நாட்களில் எஃப்.பி.ஐ. அவரைக் கைது செய்தது. விசாரணையில் பனாமா கால்வாயின் மதகுகளைக் காட்டும் படங்களை எடுத்து நீட்டி, இது உளவு வேலை இல்லையா என்று கேட்டார்கள். அவர் பிள்ளைகள் பள்ளி வீட்டுப் பாடத்துக்கு வரைந்த படங்கள் அவை. அவருடைய மகன் மினோரு யாசுயி வழக்கறிஞர். ஜப்பானிய வம்சாவளியினருக்கு மட்டும் போட்ட ஊரடங்கை எதிர்த்து வழக்குத் தொடுப்பதற்காகவே, 1942 மார்ச் 28 இரவில் போர்ட்லாண்ட் தெருவில் நடந்து போய் வலியக் கைதானவர். ஒன்பது மாதம் தனிமைச் சிறை. 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். முகாமிலிருந்து திரும்பியவளுக்கு சாஃப்ட்பால் எங்கே தெரியும் என்று நினைக்க வேண்டாம். முகாம்களில் பொழுதைத் தள்ளப் பெரிய துணையே பேஸ்பாலும் சாஃப்ட்பாலும்தான். அரிசோனாவின் ஹிலா ரிவர் முகாமில் கெனிச்சி செனிமுரா பாலைவனப் புதரை வெட்டி, பார்வையாளர் இருக்கையோடு ஒரு மைதானமே கட்டிவிட்டார். கலிஃபோர்னியாவின் மன்சனார் முகாமில் பெண்களுக்கென்றே பல சாஃப்ட்பால் அணிகள் இருந்தன. ஒன்றின் பெயர் டஸ்டி சிக்ஸ், புழுதிக் குஞ்சுகள். அங்கே அடித்த புழுதிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. அக்காக்கள் ஆடுவதைப் பார்த்தே மூன்று வருடம் வளர்ந்த ஒரு சிறுமி, ஊர் திரும்பியபோது அங்கிருந்த பிள்ளைகளைவிட நன்றாகவே ஆடியிருக்கலாம்.

சிற்றூர்களில் சாஃப்ட்பால் பரவியதற்குக் காரணம் எளிது. 1887இல் சிகாகோவில் உள்ளரங்க விளையாட்டாகத் தொடங்கியது அது. பேஸ்பாலுக்கு வேண்டிய அகலமான மைதானம் வேண்டாம். பேஸ்களுக்கு, அதாவது ஓடுகிறவர் தொட வேண்டிய பைகளுக்கு, நடுவே 60 அடி போதும். பந்து பெரிது, 12 அங்குலச் சுற்றளவு. எறிவது தோளுக்குக் கீழே கையை வீசி. பணம் இல்லாத முப்பதுகளில் நாடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஆனால் பெண் பிள்ளைகளுக்குப் போட்டி விளையாட்டு ஆகாது என்று உடற்கல்வி ஆசிரியைகளே நம்பிய காலம் அது. பள்ளிகளுக்கு இடையே பெண்களுக்கு முறையான போட்டிகள் மிகக் குறைவு. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுத்த ‘ஒன்பதாவது தலைப்பு’ச் சட்டம் வந்து நிலைமை மாறியது 1972க்கு அப்புறம்தான். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பெண்கள் மோதும் ஆட்டம் வருடத்துக்கு ஒன்று இருந்தாலும், அதைப் பார்க்க ஊரே திரண்டுவிடும். கடைக்காரர், பாதிரியார், ஆசிரியை, தாத்தா பாட்டி எல்லாரும் இருப்பார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பன்னிரண்டு வயது. கௌரவம் மட்டும் பெரியவர்களுடையது.

இந்த ஆட்டத்தில் முதல் பேஸ் என்பது ஒரு விசித்திரமான இடம். கிரிக்கெட்டில் ஓடுகிறவர் கோட்டைத் தொட்டால் போதும், ஃபீல்டர் எங்கே நிற்கிறார் என்பது அவர் கவலை இல்லை. இங்கே மட்டையால் அடித்துவிட்டு ஓடி வருகிறவளும், அவளை அவுட்டாக்க நிற்பவளும் ஒரே சிறு பையைத்தான் தொட வேண்டும். நிற்பவள் ஒரு காலைப் பையின் மேல் வைத்து உடம்பை நீட்டி, மைதானத்திலிருந்து வரும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஓடி வருகிறவளை அவள் பார்க்கவே முடியாது. எதிரே வருகிறவள் முழு வேகத்தில் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். நடுவர் ‘தெரியாமல் மோதிவிட்டாள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்த மோதல்களைத் தவிர்க்கத்தான் பிற்காலத்தில் பக்கத்திலேயே இன்னொரு நிறத்தில் இரட்டைப் பை வைத்தார்கள். ஒருத்தி தன் வெறுப்பைத் தீர்த்துக்கொள்ள மைதானத்தில் தோதான இடம் தேடினால், இதைவிட வாகான இடம் அமையாது.

அப்புறம் பெரியவர்கள். ஹூட் ரிவர் நாடு முழுக்கப் பெயர் கெட்டது பிள்ளைகளால் அல்ல. மாவட்ட நீதிமன்றச் சுவரில், ராணுவத்தில் சேர்ந்த உள்ளூர்க்காரர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. முன்னாள் படைவீரர்களின் சங்கமான அமெரிக்கன் லீஜனின் உள்ளூர்க் கிளை, 1944 நவம்பர் 29 அன்று அதிலிருந்து 16 பெயர்களை அழித்தது. பதினாறும் ஜப்பானிய வம்சாவளி வீரர்களின் பெயர்கள். அவர்கள் அப்போது அமெரிக்க ராணுவத்தில்தான் இருந்தார்கள். அழிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஃபிராங்க் ஹச்சியா. பிலிப்பைன்ஸின் லேட்டே தீவில் எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்க்கப் போய்க் குண்டடிபட்டு, 1945 ஜனவரி 3 அன்று இறந்தார். ஊர்ச் சுவரில் அவர் பெயர் இல்லாத நேரத்தில், அந்த ஊருக்காகச் செத்துப்போனார். செய்தி வெளியானதும் நாட்டின் பெரிய பத்திரிகைகளும் ராணுவ வீரர்களும் லீஜனின் தேசியத் தலைமையும் கொடுத்த நெருக்கடியில், 1945இல் பெயர்களைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. மனம் மாறி எழுதியதாக நான் நினைக்கவில்லை, மானம் போனதால் எழுதினார்கள்.

1945 ஜனவரியிலிருந்து மேற்குக் கரைக்குத் திரும்பலாம் என்று அரசு அனுமதித்தது. உடனே ஹூட் ரிவர் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன: திரும்பி வராதீர்கள், நிலத்தை விற்றுவிட்டுப் போங்கள் என்று. கீழே நூற்றுக்கணக்கான உள்ளூர்க்காரர்களின் பெயர்கள். ஊருக்குத் திரும்பிய குடும்பத்துக் குழந்தை அந்தப் பட்டியலைப் படித்தால் பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் கண்ணில் படும், வகுப்புத் தோழியின் அப்பா பெயரும் படும். பல கடைகள் சாமான் கொடுக்க மறுத்தன. போருக்கு முன் இருந்த குடும்பங்களில் பாதிக்கும் குறைவாகவே அந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பின.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. மெதடிஸ்ட் பாதிரியார் ஷெர்மன் பர்கோயின் வெளிப்படையாகக் கண்டித்தார். சில உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து சுதந்திரம், நீதி இவற்றின் பெயரில் ஒரு சிறு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததில் முக்கியமானது மேடைப் பேச்சு அல்ல. கடையில் சாமான் மறுக்கப்பட்ட குடும்பங்களுக்காகத் தாங்களே போய் மளிகை வாங்கிக் கொடுத்தார்கள்.

இன்னொரு வகைப் பகையும் அந்தப் பக்கத்தில் இருந்தது, யாரும் அதிகம் பேசுவதில்லை. ஹூட் ரிவருக்கு மேற்கே சுமார் 20 மைலில் கேஸ்கேட் லாக்ஸ். மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்களுக்கான வேலை முகாம் அங்கே இருந்தது. காட்டுத் தீ அணைப்பது, பாதை போடுவது மாதிரி வேலைகள், சம்பளம் கிடையாது. ஜார்ஜ் யமடா என்ற ஜப்பானிய வம்சாவளி இளைஞரும் அங்கே இருந்தார். அவரை மட்டும் தனியாகப் பிரித்துத் தடுப்பு முகாமுக்கு அனுப்ப 1942இல் உத்தரவு வந்தபோது, உடனிருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போர் முடிந்த பிறகும் சண்டைக்குப் போகாதவர்களின் குடும்பங்களைக் கோழை என்று ஏசுவது நிற்கவில்லை. ஒரு சிற்றூர்ப் பெண்கள் அணியில் போரில் செத்தவரின் மகள், போருக்குப் போக மறுத்தவரின் மகள், முகாமில் அடைபட்டவரின் மகள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அது அந்தப் பகுதியில் கற்பனைக்கு மீறியதே அல்ல.

இனி மன்னிப்பு. எனக்குத் தெரிந்த அளவில், ‘அவள் மன்னித்துவிட வேண்டுமா’ என்று அடிபட்டவளை நோக்கிக் கேட்பதே பிசகு. அடித்தவளுக்கும் பன்னிரண்டு வயது, அடிபட்டவளுக்கும் பன்னிரண்டு வயது. முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் நின்ற பெரியவர்கள். அந்தப் பெண் ஜப்பானியர் என்றாலே முகம் சிவக்கிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள் என்பது ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளருக்கும் ஆசிரியைக்கும் தோழிகளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நன்றாக அடிக்கிறாள், இவளை விட்டால் ஆட்டம் கைவிட்டுப் போகும், அதனால் கண்டும் காணாமல் இருப்போம் என்று இருந்திருப்பார்கள். எந்த ஊர் அணியிலும் நடப்பதுதான் இது. இன்றைக்கும் நடக்கிறது.

அடித்தவளிடம் யாராவது இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கலாம். அவள் அப்பா இறந்த அதே நாளில் ஹவாயில் இறந்த பொதுமக்களில் பலர் ஜப்பானிய வம்சாவளியினர். அமெரிக்கப் பீரங்கிகள் விமானங்களைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் குடியிருப்புகளில் விழுந்ததிலும் சிலர் செத்தார்கள். இரண்டாவது, ஹச்சியா. அவள் அப்பா போட்ட அதே நாட்டுச் சீருடையைப் போட்டுக்கொண்டு ஜப்பானியப் படையை எதிர்த்துச் செத்த இந்த ஊர்ப் பையன். அவர் உடல் 1948இல் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு ஹூட் ரிவர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1949இல் அந்தச் சிறுமிக்கு இதைச் சொல்ல ஊரில் ஆளில்லாமல் இல்லை. சொல்லியிருந்தால் துக்கம் போயிருக்காது, ஆனால் துக்கத்தை யார் மேல் இறக்கி வைப்பது என்பதில் அவளுக்கு ஒரு தெளிவு வந்திருக்கும்.

அடிபட்டவள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. ‘பரவாயில்லை, வம்பு வேண்டாம்’ என்று பெற்றோர் அமைதியாக இருந்திருப்பார்கள். கோபம் இல்லாததால் அல்ல. முகாமிலிருந்து வந்து நாலு வருடம்தான் ஆகிறது, பழத்தைப் பாக்கிங் கிடங்குக்குக் கொண்டுபோய் அதே ஊர்க்காரர்களிடம்தான் கொடுக்க வேண்டும், அதே பள்ளிக்குத்தான் மற்ற பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும். இந்த அமைதியை ஊர்க்காரர்கள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதுதான் வசதி. பல குடும்பங்களில் பெற்ற பிள்ளைகளிடம்கூட முகாமைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 1981இல் ஊர் ஊராக விசாரணை நடத்தியபோது 750க்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். அப்பா அம்மா அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகள் உண்டு. நாற்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததை மன்னித்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் சிறுமியிடம் அடித்தவளைக் கூட்டி வந்து, கை குலுக்கவைத்து, எல்லாரும் கண் கலங்கி வீட்டுக்குப் போவது பெரியவர்களுக்குப் பிடித்த முடிவு. அது பெரியவர்களின் மனச்சுமையைத்தான் இறக்குகிறது. சிறுமி மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம், பத்து வருடம் கழித்து மன்னிக்கலாம். அது அவள் இஷ்டம். அடித்தவள் செய்ய வேண்டியது வேறு: நான் வேண்டுமென்றே செய்தேன் என்று ஒத்துக்கொள்வது. பெரியவர்கள் செய்ய வேண்டியது: எங்களுக்கு முன்பே தெரியும் என்று ஒத்துக்கொள்வது. இரண்டாவதுதான் கஷ்டமானது.

விளையாட்டு பகையைத் தீர்த்ததா என்றால், ஓரளவுக்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே காலத்தில் 1943 முதல் 1954 வரை நடந்த அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை பேஸ்பால் லீக்கில் ஒரு கறுப்பினப் பெண்கூடச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. மட்டையும் பந்தும் யாருடைய மனதையும் தானாக விரித்துவிடுவதில்லை. ஆனால் எதிரணியில் இருப்பதற்கும் ஒரே அணியில் இருப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒன்பது பேர்தான். முதல் பேஸில் நிற்பவள் ஜப்பானிய வம்சாவளி என்றால், மூன்றாம் பேஸ்காரி பந்தை அவளுக்குத்தான் எறிந்தாக வேண்டும், அதுவும் அவள் கைக்குச் சரியாக. வேண்டாத மருமகளைப் போல் ஒதுக்கி வைத்தால் எதிரணிக்கு ஓட்டம் போய்விடும். வகுப்பறையில் ஒருத்தியோடு ஒரு வருடம் பேசாமல் இருந்துவிடலாம், மைதானத்தில் ஒரு மணி நேரம்கூட முடியாது. இந்தக் கட்டாயத்தில் சில நட்புகள் பிறந்திருக்கும். அவ்வளவுக்குத்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

முறைப்படியான மன்னிப்பு அரசிடமிருந்து வந்த வரலாறும் இதோடு சேர்ந்ததே. 1988 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், முகாம்களில் அடைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தர ஏற்பாடு செய்தது. பணம் 1990 அக்டோபரில்தான் கைக்கு வரத் தொடங்கியது, வயதில் மூத்தவர்களுக்கு முதலில். நம் கணக்குப்படி அந்த முதல் பேஸ் சிறுமிக்கு அப்போது 53 வயது, வரிசையில் கிட்டத்தட்டக் கடைசி. அவள் அப்பா சட்டம் கையெழுத்தாவதற்கு முந்தின நாள் இறந்திருந்தாலும் அவர் பங்கு யாருக்கும் கிடையாது.